மணியம்மா கொடுத்தனுப்பிய அமானத்து

ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தரணிக்குச் சோறு இறங்காது. அவள் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகுதான் பாலசமுத்திரத்தில் ரகசியம் என்று ஒன்று இருக்கவே ஆரம்பித்தது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளிடம், லீவில் கிளம்புகிற அன்றைக்கு, பிரித்துப் பார்க்கக் கூடாத ஒரு பொட்டலத்தை மணியம்மா கொடுத்தது கொஞ்சம் கொடுமைதான்.

மணியம்மா வடமாலபேட்டைக்காரி. குவைத்தில் தரணி வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சமையலும் பிள்ளை வளர்ப்பும். குவைத் யுத்தம் முடிந்த கையோடு போனவள். அப்போது மகள் சந்தியா மூன்றாம் வகுப்பு. ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’ என்றே காலம் ஓடி, இப்போது அந்தப் பெண் பத்தாவதுக்கு வந்துவிட்டாள். லீவில் போகிற யாரிடமாவது மகளுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவது மட்டும் தவறியதில்லை.

அங்கே வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புகிற பொருளைத் துணியில் சுற்றித் தைத்துக் கொடுப்பார்கள். கொண்டுபோகிறவர் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர் அவர் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். அவர் திரும்பிப் போய், முகம் எப்படி மலர்ந்தது என்று சொன்னால்தான் பொருள் சேர்ந்ததாக அர்த்தம். மணியம்மாவின் பொட்டலங்களை மட்டும் அவள் புருஷன் திருவேங்கடம் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பிவிடுவான். சந்தியாவின் முகத்தை இதுவரை ஒருத்தரும் பார்த்து வந்து சொன்னதில்லை.

"அந்தாளு வித்துத் துன்னுட்டானோ இன்னாவோ. நீ எம்பொண்ணு கையிலதான் குடுக்கணும். அவ பிரிக்கிறதப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு," என்றாள் மணியம்மா.

தைத்த துணியின் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் அரபியில் ஒரே ஒரு சொல். திட்டு வாங்குகிற அளவுக்குத் தரணிக்கு அரபி பேச வரும், படிக்க வராது. அவள் வீட்டில் கூட வேலை செய்த இந்தோனேசியாக்காரி அதை ‘அமானா’ என்று படித்துவிட்டு, தங்கள் பாஷையில் அமானத் என்றால் சொல்லி அனுப்புகிற சேதி என்றாள். பொட்டலத்தின் மேல் சேதி என்று எதற்கு எழுத வேண்டும்? அன்றைக்குப் பிடித்தது தரணிக்கு அரிப்பு.

ஊருக்கு வந்தும் அது அடங்கவில்லை. சித்தூரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் பொட்டலத்தைக் காட்டினாள். அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். சொல் ஒன்றுதானாம். அரபிக்காரர்கள் கடைசி எழுத்தை உருட்டி எழுதி ‘அமானா’ என்பார்கள், உருதுவில் அதை நீட்டி எழுதி ‘அமானத்’ என்பார்கள். ஒருத்தரை நம்பி ஒப்படைத்தது என்று அர்த்தம். வைத்தவர் வந்து கேட்கும்வரை வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும், தையல்கூடப் பிரியக் கூடாது என்றார்.

திருப்பதியில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி ஹேமநாத்திடமும் கேட்டாள். தெலுங்கில் அமானத்து என்றால் டிபாசிட் என்றான் அவன். பழைய தமிழ்ப் பத்திரங்களிலும் அமானத்து என்று வரும். ஜப்திக்கு வருகிற கோர்ட் அமீனாகூட அதே குடும்பம்தான், நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். தரணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஊரே பயப்படுகிற ஆளுக்கு வைத்த பெயரைப் பார். சர்ச்சில் சொல்கிற ஆமென்கூட எபிரேய வழியில் இதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று தன் வக்கீல் சொன்னதாகவும் அவன் சேர்த்துக்கொண்டான். ஒரு சொல் இத்தனை வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் வடமாலபேட்டைக்கு பஸ் ஏறினாள்.

திருவேங்கடம் வாசலிலேயே கையை நீட்டினான். பெண்ணிடம்தான் கொடுப்பேன் என்று தரணி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காபி போடப் போனான்.

ஸ்கூல் விட்டு சந்தியா வந்தாள். நெடுநெடுவென்று மணியம்மாவின் அதே உயரம். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண்மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

தான் பார்க்கப் பிரிக்க வேண்டும் என்று தரணி சொல்லிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அந்தப் பெண் அசையவில்லை. திருவேங்கடம் பெருமூச்சு விட்டுவிட்டுப் பரணிலிருந்து ஒரு கோணிப்பையை இறக்கிக் கவிழ்த்தான். மணியம்மா இத்தனை வருஷமாக அனுப்பிய பொட்டலங்கள் அத்தனையும் தரையில் விழுந்தன. ஒன்றில்கூட ஒரு நூல் பிரியவில்லை.

"நான் வித்துட்டேன்னுதான் அவ நெனச்சிகினு இருப்பா, தெரியும்," என்றான். "நெனச்சா நெனக்கட்டும். உம் பொண்ணு பிரிக்கவே மாட்டேங்குதுன்னு எப்டி எழுதறது?"

தரணிக்கு இத்தனை நாள் மனத்துக்குள் இவனைத் திட்டித் தீர்த்ததற்கு வெட்கமாக இருந்தது.

சந்தியா கீழே உட்கார்ந்து பொட்டலங்களை வரிசையாக அடுக்கினாள். எல்லாவற்றிலும் அதே சொல். பழையதில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. புதிதாக ஆக ஆக, கோடு பிசகாமல் அழகாகிக்கொண்டே வந்தது.

"இது யாரு எழுதறது அத்தே?"

மணியம்மா வளர்க்கிற அந்த வீட்டுச் சின்னப் பெண் என்று தரணி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்தியா முதல் பொட்டலத்தையும் கடைசிப் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னான்னு எழுதிக்கீது?"

பேச்சை மாற்ற வழி கிடைத்ததே என்று தரணி தான் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டினாள். காதர் பாய் சொன்னது, ஹேமநாத் சொன்னது, அமீனா, ஆமென், ஒன்று விடவில்லை. வைத்தவர் வந்து கேட்கும்வரை பிரிக்காமல் காப்பாற்றுவதுதான் அமானத்து என்று முடிக்கும்போதே, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அப்டின்னா நான் பண்ணது சரிதான்," என்றாள் சந்தியா. "என்னையும் நைனாகிட்ட அப்டித்தானே வச்சிட்டுப் பூட்டாங்க. வந்து எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கச் சொல்லு அத்தே. அப்போ பிரிச்சிக்கலாம்."

திருவேங்கடம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். தரணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்ததும் முகம் மலர்ந்து குதித்தாள் என்று மணியம்மாவிடம் ஒரு பொய் சொல்லிவிடலாம். அவளும் நிம்மதியாகத் தூங்குவாள், இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்துவிடுவாள்.

"நீ சொன்னத ஒரு வார்த்த மாத்தாம உங்கம்மாகிட்ட சொல்றேன்," என்றாள்.

சந்தியா தலையாட்டினாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கோணிக்குள் அடுக்கினாள். பாதியில் கை நின்றுபோய், உதடு கோணிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் மெதுவா சொல்லு அத்தே. அம்மா அழும்."