பாதி வானிலை அறிக்கை

பந்தல்காரர் செல்லத்துரை மொட்டைமாடியின் ஓரத்தில் நின்று சாமியானாக் கயிற்றை இழுத்து டிஷ் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றினார். கீழே வாசலில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சத்தியபாமா அண்ணாந்து பார்த்தவள், சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அதுல கட்டாதீங்க."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். விடிந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுதவர்களிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் பேசுகிறாள்.

"எதுல மதினி?" என்றாள் நாத்தனார் வெயிலுகந்தம்மாள்.

"டிஷ்ல. அசைஞ்சிரும்."

வெயிலுகந்தம்மாள் சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன இங்கன கிடத்தியிருக்கு. நீங்க டிவியப் பத்திப் பேசுதீங்க. நாலு பேரு என்ன நினைப்பாவ?"

நாத்தனார் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை டிவி போடக் கூடாது. உயிர் போனது உறுதியானதும் பக்கத்து வீட்டுப் பெண் முதலில் செய்த காரியமே, ஒரு போர்வையை எடுத்து டிவியை மூடியதுதான். போடவே போகாத டிவிக்கு டிஷ் அசைந்தால் என்ன, அசையாவிட்டால் என்ன? சத்தியபாமாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் உட்காரவில்லை.

"வேற பிடிமானம் இல்லம்மா," என்றார் செல்லத்துரை மேலிருந்து. "வெயில் ஏறுது. அவிய மூஞ்சியிலதான் விழுது, பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம். காலை வெயிலே காந்தலாக இருந்தது. நவநீதகிருஷ்ணனின் நெற்றியிலிருந்த திருநீற்றைத் தாண்டி, மூடிய இமைகள் வரை வெயில் வந்துவிட்டது.

"சரி, கட்டுங்க," என்று உட்கார்ந்துவிட்டாள்.

கயிறு இறுகியது. டிஷ் மெல்லத் தலையைச் சாய்த்தது. நிழல் அவர் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, இப்போதாவது அழுதாளே என்று பெண்கள் ஆறுதலடைந்து தங்கள் பாட்டைத் தொடர்ந்தார்கள்.

அந்த டிஷ்ஷை வாங்கி மாட்டியவன் மகன் கோகுலகிருஷ்ணன். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த தீபாவளிக்கு மாட்டிக் கொடுத்தான். மாதாமாதம் அவனே பணம் கட்டினான். எண்ண முடியாத சேனல்கள். அவன் வீடு கட்டத் தொடங்கியபோது நவநீதகிருஷ்ணன் போன் போட்டு, "அத நிறுத்திரு தம்பி, நாங்க எங்க பாக்குதோம், தூசிதான் அடையுது," என்றார். முழுப் பொய். கரண்ட் போனால்கூட, வந்துவிடும் வந்துவிடும் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜோடி அது. மகன் நம்பி நிறுத்திவிட்டான்.

மறுவாரமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் இலவசச் சேனல் வருகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு டிஷ்ஷை வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள். தீப்பெட்டி ஆபீசில் இத்தனை வருஷம் மிஷின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு ஒரு தட்டைத் திருப்பத் தெரியாதா என்று ஸ்பானரோடு மாடி ஏறிவிட்டார். நல்ல சித்திரை வெயில். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி ரொம்ப நாளாகவில்லை.

"வருதா?" என்று மேலிருந்து கேட்பார்.

"வரல," என்பாள் இவள்.

"இப்ப?"

"வரல."

ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே பாட்டு. அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் திரையில் ஏதோ அசைந்தது. பொதிகைச் செய்தி. செய்தி வாசிக்கிற பெண்ணின் நெற்றி ஒரு பக்கம், மோவாய் ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக என்னவோ. சத்தியபாமா யோசிக்கவேயில்லை.

"வந்துட்டு, இறங்கி வாங்க," என்று கத்தினாள்.

அவர் நட்டை இறுக்கிவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, இதுதான் வந்துட்டா?"

"நீங்க இறங்குத வரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது."

அவர் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவளுடைய பொய் அவருக்குத் தெரியாதா என்ன. சிரித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் மாடி ஏறவுமில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட விடவுமில்லை. "பாதிய டிவிக்காரி சொல்லட்டும். மீதிய நான் சொல்லுதேன்," என்றார்.

சொல்லவும் செய்தார். கொஞ்சம் காற்றடித்தால் போதும், படம் உறைந்து நின்றுவிடும். பாட்டு நின்றால் பாடுவார். நாடகம் நின்றால் வசனம் பேசுவார். அவருக்கு ரொம்பப் பிடித்தது வானிலை அறிக்கை. பசுவந்தனைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. வானத்தை நம்பி உளுந்து போடுகிற நிலம். "கனமழை பெய்யக்கூடிய இடங்கள்" என்று அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றதும், இவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"கோவில்பட்டி, பசுவந்தனை, விளாத்திகுளம்," என்று அதே செய்தித் தமிழில் முடிப்பார்.

விளாத்திகுளம் அவளுடைய பிறந்த ஊர். அவருக்கு மாமனார் வீட்டோடு மனத்தாங்கல் இருக்கிற நாட்களில் அந்த ஊருக்கு மட்டும் மழை கிடையாது.

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. ஒரு பொட்டு விழல."

"சொல்லி வச்சாத்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும்."

அவர் போவதற்கு முந்தின சாயங்காலம்கூடப் படம் சரியான இடத்தில் நின்றது. அன்றைக்கு மூன்று ஊருக்கும் மழை கொடுத்தார். "விளாத்திகுளத்தில் மிகக் கனமழை," என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். சத்தியபாமா முறத்தில் உளுந்து புடைத்தபடியே சிரித்தாள். காலையில் காபி கேட்டவர், அவள் ஆற்றிக் கொண்டுவருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் கோகுலகிருஷ்ணன் கோயம்புத்தூர் போக வேண்டும். அம்மாவை உடனே கூட்டிப் போக முடியாத சங்கடம் அவன் முகத்தில் இருந்தது. டிவியின் மேல் கிடந்த போர்வையை எடுத்து மடித்தான்.

"அம்மா, பழைய கனெக்‌ஷனத் திரும்பப் போட்டுருதேன். தனியா இருக்கப் போற. பேச்சுத் துணைக்காச்சும் இருக்கும்."

"வேண்டாம்லே."

"அப்பாதான் டிவியே பாக்கதில்லன்னு சொன்னாவ. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"அவிய அப்படித்தான் சொல்லுவாவ," என்றாள். பிறகு, "அந்த டிஷ் பந்தல் கட்டுனதுல சாஞ்சு போச்சு. அத மட்டும் பழையபடி வச்சுக் குடு."

"எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

"அது எனக்குத் தெரியல. நீ திருப்பு, நான் கீழருந்து சொல்லுதேன்."

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அவள் டிவியைப் போட்டாள். திரை கறுப்பாக இருந்தது. காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வருதாம்மா?"

"வரல."

"இப்ப?"

"வரல."

திடீரென்று படம் வந்தது. பளிங்கு மாதிரி வந்தது. செய்தி வாசிக்கிற அதே பெண். நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இவ்வளவு லட்சணமானவளா என்று சத்தியபாமாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு செய்தியை முடித்து அடுத்ததற்குப் போனாள், அதை முடித்து அடுத்ததற்கு. எங்குமே நிற்கவில்லை. குறுக்கே யாரும் ஒரு வார்த்தை பேச இடமில்லை.

"அம்மா, வந்துட்டா?"

"வரல," என்றாள்.

"வந்திருக்கணுமே. பெட்டியில பச்சை லைட் எரியுதா?"

"இன்னும் கொஞ்சம் திருப்பு."

அவன் திருப்பினான். படம் சுத்தமாகப் போய்விட்டது. "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு," என்று பதறிச் சொன்னாள். மறுபடியும் தெளிவாக வந்தது. "இல்ல, இன்னும் கொஞ்சம். ரொம்பத் திருப்பாத. மெல்ல." நட்டு கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. இனி வானிலை அறிக்கை என்றாள் அந்தப் பெண். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றாள். தமிழகத்தில் அடுத்த இரண்டு நாட்களில் கனமழை பெய்யக்கூடிய இடங்கள் என்று சொல்லி, வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றாள். நெற்றி ஒரு பக்கம், மோவாய் ஒரு பக்கம்.

சத்தியபாமா நாற்காலியின் கையில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"வந்துட்டுய்யா," என்று மேலே பார்த்துச் சொன்னாள். "இறங்கி வா."