கோரஸ் மட்டும்

“அக்கா, நீ பாடின பாட்டை இங்கே பிரிச்சுப் பிரிச்சுக் கேக்கலாமாம். வயலின் தனி, தபலா தனி, கோரஸ் தனி. வா, வா!”

பெருந்தேவி பூமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சினிமாப் பாட்டின் கதையைத் தொட்டுக் கேட்கும் கண்காட்சி ஒன்று, ஊர் ஊராகச் சுற்றிக் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கியிருந்தது. மணமேடையில் பழைய கிராமபோன்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு மேஜை ஹெட்போன்.

“மெதுவாடி. பாட்டு எங்கேயும் ஓடிடாது.”

“இத்தனை வருஷமா ஓடிண்டுதானே இருக்கு? ரேடியோல உன் குரல் எதுன்னு தேடித் தேடி என் காதே தேஞ்சு போச்சு.”

பூமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தொன்பதில், அந்தப் பாட்டுக்குக் கோரஸ் பாட, மெட்ராஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். ஐந்து பெண்கள், ஒரே மைக். பாதியில் நிறுத்தச் சொல்லி இசையமைப்பாளரின் உதவியாளர் வந்தார். “ஒரு குரல் இறங்குது. ஓரத்துல நிக்கற சின்னப் பொண்ணு, நீ வெளியில உக்காரும்மா.” ஓரத்தில் நின்றவள் பெருந்தேவி. அன்றைக்கு மூடிய வாய்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னபோது, “எனக்கு ஸ்ருதி சேராது மாமி” என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். பிறகு யாரும் வரவில்லை.

அந்த மேஜையைக் கவனித்துக்கொள்ளும் கண்காட்சிப் பெண் துர்கா சொல்லிக் கொடுத்தாள். “எந்தப் பிடியைக் கீழ இறக்கறீங்களோ அந்த வாத்தியம் நின்னுடும்மா. இங்க ஒரு ஹெட்போன்தான் இருக்குது. ஒருத்தர் கேட்டுட்டு இன்னொருத்தருக்குக் குடுங்க.”

“நீ முதல்ல கேளுக்கா. உன் பாட்டு.”

பூமா ஒவ்வொரு பிடியாக இறக்கினாள். வயலின் போயிற்று, தபலா போயிற்று. நாலு பெண் குரல்கள் மட்டும், மேலே போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல் நின்றன. உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒரு குரல் எட்டாமல் தொய்ந்தது. அதற்குச் சற்று முன்னால், அதே குரல் நடுவில் இழுத்த ஒரு மூச்சு. ‘ஏண்டி பூமா, நடுவுல குளத்துல முழுகி எழுந்துக்கறே?’ என்று அம்மா திட்டிய அதே மூச்சு.

இது பதிவானபோது பெருந்தேவி அந்த அறையிலேயே இல்லை. வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள்.

பூமா மறுபடியும் போட்டுக் கேட்டாள். அதே இடம். அதே குரல்.

“என்னக்கா, கண் கலங்கறே? அவ்வளவு நன்னா இருக்கா? குடு, குடு, நானும் கேக்கறேன்.”

குக்கர் விசில் எந்த ஸ்வரத்தில் கத்துகிறது என்று சொல்லிவிடுகிற காது பெருந்தேவிக்கு. ஒரு தடவை கேட்டால் போதும்.

பூமா ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். நீட்டும்போதே இன்னொரு கை வயலின் பிடியை மேலே தள்ளியது. தபலாவையும் தள்ளியது.

பெருந்தேவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்தும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

“உன் குரல் தனியாத் தெரியலைக்கா. ஆனா எல்லாம் ஒண்ணாக் கலந்து என்னமா இருக்கு!” அவள் முகத்தில் ஒரு துளி பொறாமை இல்லை. “நான் வெளியில போனதே நல்லதாப் போச்சு. உள்ளே நின்னிருந்தா கெடுத்திருப்பேன்.”

“தேவி...”

“என்னக்கா?”

“பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கம்மா” என்றாள் துர்கா.

“ஒண்ணுமில்லைடி” என்றாள் பூமா. “வா, போலாம்.”