பெரிய கால்வாயில் விடுபட்டுப்போன வீடு

ஓவியர் பாஸ்தியான் தன் படத்தில் வரையாமல் விட்டதால், ஓர்செத்தாவின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெனிஸ் நகரத்துப் பெரிய கால்வாய்க் கரையிலிருந்து காணாமல் போனது. ரியால்டோ சந்தையில் மத்தி மீன் வாங்கித் திரும்பியவள் படகை விட்டு இறங்கப் பார்த்தால், வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த மாளிகைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. வீடு போனதுகூடப் பரவாயில்லை. உள்ளே அவள் கணவன் மோமோலோ தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாஸ்தியான் வேலையாத்தான் இருக்கும். போன மாசம் எங்க மணிக்கூண்டையே நகர்த்திட்டாரு," என்றான் படகுக்காரன், கொட்டாவி விட்டபடி.

அந்தக் காலத்தில் இது நடக்கிறதுதான். ஆங்கிலேயப் பிரபுக்கள் ஊருக்குக் கொண்டுபோகக் கால்வாய்க் காட்சி கேட்பார்கள். ஓவியர்கள் கோணலை நிமிர்த்தி, அசிங்கத்தை மறைத்து வரைந்து கொடுப்பார்கள். கால்வாய்க் கரையும் அந்தப் படத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஓர்செத்தா மீன் கூடையோடு நேரே ஓவியக்கூடத்துக்குப் போனாள்.

"சியோர், என் வீடு எங்க?"

"அது கோணல், சியோரா. தண்ணிப் பக்கம் சாஞ்சு நிக்குது. படமே கெட்டுப்போகும்."

"கோணலோ நேரோ, அதுக்குள்ள என் புருஷன் இருக்காருய்யா!"

வார்னிஷ் பூசிவிட்டால் படம் கப்பல் ஏறிவிடும். அப்புறம் மோமோலோவை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். படத்தை எடுத்துப்போக வந்த ஆங்கிலேயப் பிரபுவின் ஆட்கள் மீன் நாற்றம் தாங்காமல் வாசலோடு திரும்பினார்கள். உள்ளதைச் சொன்னால், மோமோலோ அப்படியொன்றும் தங்கக்கம்பி இல்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில், அவள் வீடு திரும்பும்போது ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. குறட்டை கேட்காத முதல் இரவு அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள் அது கேட்காததற்கே அழுதாள்.

கடைசியில் பாஸ்தியான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் தூரிகையை எடுத்தார். மாளிகைகளை விலக்கி வீட்டைச் செருகினார். நிமிர்த்தப் பார்த்தபோது ஓர்செத்தா கையைத் தட்டிவிட்டாள்.

"சாய்ச்சே வரைங்க. நேரா நின்னா எங்களுக்குத் தலை சுத்தும்."

மோமோலோ விஷயத்தில்தான் சிக்கல். தூங்குகிறவன் தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரிய மாட்டான். தெரியாதவனைப் படத்தில் போட முடியாது. அதனால் அவனை ஜன்னலில் நிறுத்தினார். சும்மா நின்றால் திரைச்சீலை மாதிரி இருந்தது. ஒரு கையைத் தூக்கிவிட்டார்.

"அவரு அப்படியெல்லாம் நிக்கிற ஆளே இல்லை, சியோர்."

"இனிமே நிப்பாரு."

வீடு பழைய சாய்வோடு திரும்பி வந்தது. மோமோலோ தான் காணாமல் போனதே தெரியாது என்றான். எப்போதும்போலப் பகலெல்லாம் தூங்கினான். ஆனால் ஓர்செத்தாவின் படகு கரையை நெருங்கினால் போதும், எழுந்து ஜன்னலுக்கு வந்து கையைத் தூக்குவான். அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. படம் கப்பல் ஏறுவதற்கு முன்னால், வேண்டுமானால் வார்னிஷைச் சுரண்டி அந்தக் கையை மட்டும் இறக்கிவிடட்டுமா என்று பாஸ்தியான் கேட்டுப் பார்த்தார்.

"தொட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் ஓர்செத்தா. அன்றிலிருந்து அவள் சந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வந்தாள்.