அரை மில்லிக்குக் கீழே

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே என் தங்கை, "போன வாரம் ஒரு தாடையை மூடிட்டு மறுபடி திறந்தேன்" என்றாள். அப்புறம் நான்கு சட்டைகள் மடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஐந்தாவது சட்டையில் மீதி வந்தது.

நான் எழுதிய முதல் வரி: "அன்று காலை வானம் மூட்டமாக" (அடித்துவிட்டேன். அவள் அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது.)

2

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடுகள் செய்கிற நிறுவனம். தகடு தாங்குமா தாங்காதா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அவள் பொறுப்பு. ஸ்கேனிலிருந்து அவளுக்குக் கிடைப்பது எலும்பின் மேல்தோல் மட்டும். ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை ஒட்டிச் செய்த வெற்றுக் கூடு. அந்த நோயாளி கடித்தால் எலும்பில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழும் என்று தெரிய, கூட்டுக்குள் சின்னச் சின்னக் கட்டிகளை நிரப்பித் திடமாக்க வேண்டும். எங்காவது ஒரு கீறல் திறந்திருந்தாலும் புரோகிராம் நிரப்ப மறுக்கும்.

"தண்ணி ஊத்துனா ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்" என்றாள்.

(நோயாளிக்கு ஒரு முகம் கொடுக்கப் பார்த்தேன். நாற்பது வயது, பஸ் ஓட்டுநர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். தங்கை படித்துவிட்டு, "அவருக்கு மூஞ்சியே கிடையாதுண்ணா. ஒரு ஃபைல் நம்பர், ஒரு தாடை. நீ பாட்டுக்கு பஸ் வாங்கிக் குடுக்குற!" என்றாள். ஓட்டுநர் இறங்கிவிட்டார்.)

3

அன்று காலை புரோகிராம் மூன்று முறை மறுத்தது. முதல் முறை, சில முக்கோணங்கள் உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பிக் கிடந்தன, புரட்டிப் போட்டாள். இரண்டாவது முறை, ஒரு பல்லின் வேரடியில் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன, அறுத்துத் தைத்தாள். மூன்றாவது முறை, காதுக்குக் கீழே, தாடையின் பின்பகுதியில், மயிரிழைபோல ஒரு கிழிசல். அகலம் 0.4 மில்லிமீட்டர்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். அரை மில்லிக்குக் கீழே எது திறந்திருந்தாலும் அது ஸ்கேனின் தூசி. கண்ணை மூடிக்கொண்டு மூடலாம். வழக்கத்தை உண்டாக்கிய மேலதிகாரிக்கு 'அரைமில்லி சார்' என்றே பெயர். அவள் அந்தக் கிழிசலைக் கையால் மூடினாள். மிச்சம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று தானாகச் சரிசெய்யும் கருவியையும் ஓடவிட்டாள். கூடு நிரம்பியது. தகடு தாங்கும் என்று கணக்கு சொன்னது. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மூன்று மணிக்கு இயந்திரம் தகட்டை வெட்டும். மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

சாப்பிட்டு வந்து, புரோகிராம் தானாக எழுதிவைக்கும், யாரும் படிக்காத பதிவேட்டைச் சும்மா திறந்தாள். 'மூடியவை: 2.'

அவள் மூடியது ஒன்றுதான். கருவி மூடிய இன்னொன்றைத் தேடினாள். தாடையின் உள்பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம். முதல் கிழிசலுக்கு நேர் பின்னால், அதே சாய்வில்.

டாக்டரின் குறிப்பில் ஒரே ஒரு முறிவு, மோவாயில். தகடும் அதற்கு மட்டும்தான். பின்னாலும் எலும்பு பிளவு விட்டிருந்தால், இல்லாத எலும்பை இருப்பதாக நம்பித்தான் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஸ்கேனின் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும்.

மணி ஒன்றே முக்கால்.

4

இங்கே அரைமில்லி சாரை நான் வில்லனாக்கியிருந்தேன். சிகரெட்கூடக் கொடுத்திருந்தேன். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "நூறு தடவைல தொண்ணூத்தொம்போது தடவை தூசிதான்ணா. அவர் சொல்றது பொய்யில்ல." எனவே நடந்தபடியே:

"தூசிம்மா" என்றார், திரையைப் பார்த்துவிட்டு.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரா தூசி விழுமா சார்?"

"விழக் கூடாதுன்னு தூசிக்கு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா?"

"சார், விளையாடாதீங்க."

"நான் எங்கம்மா விளையாடுறேன்? சர்ஜன் படத்தைப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கார். அவர் கண்ணுல படாதது நம்ம முக்கோணத்துல பட்டுடுச்சாக்கும்? இதுக்கெல்லாம் நிறுத்துனா, அந்த ஆள் வாயைக் கட்டிக்கிட்டு இன்னும் நாலு நாள் ஸ்ட்ராவுல கஞ்சி குடிக்கணும். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அவரும் போகவில்லை.  (எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "காபி ஆறுற நேரம்" என்றாள்.)

"நான் சர்ஜனைக் கூப்பிட மாட்டேன்" என்றார் கடைசியில். "நீ கூப்பிட்டா தடுக்கவும் மாட்டேன்."

5

முடிவு ஒன்று: அது முறிவுதான். தகடு நீளமாகிறது. அரைமில்லி சார் தலை குனி (வேண்டாம். அவர் குனிகிற ஆள் இல்லை.)

முடிவு இரண்டு: அது தூசி. நான்கு நாள் கஞ்சி. அலுவலகம் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கிறது.

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் புத்திசாலி, இரண்டாவதில் அசடு. ஆனால் இரண்டிலும் போனை எடுத்தது ஒரே பெண்தான். எடுத்தபோது அவள் கையில் இருந்ததும் அதே சாம்பல் கோடுதான். என்ன ஆச்சு என்று அவளிடமே கேட்டேன்.

"உனக்கு எது வசதி?" என்றாள். 

6

இரண்டு மணிக்கு வெட்டும் அறைக்குச் சொல்லி இயந்திரத்தை நிறுத்தினாள். அப்புறம் சர்ஜனுக்குப் போன் அடித்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: தான் மூடியது, கருவி மூடியது, இரண்டும் நேருக்கு நேர் நிற்பது. சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

"முறிவுதான்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர். உறுதியாத் தெரிஞ்சிருந்தா மெயில் போட்டிருப்பேன். தெரியாததாலதான் கூப்பிட்டேன்."

 மறுமுனையில் ஏதோ காகிதம் புரளும் ஓசை, ஒரு நாற்காலி நகர்வது. அவள் போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள். அவர் பேசப்போகிற முதல் சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்வரை அவள் போனை வைக்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.