நன்றாக நடக்கும் இல்லங்கள்

குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் தீட்டுவது என்றால் சும்மாவா? தடுப்பூசியில் தொடங்கி விளையாட்டுத் திடல் வரை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பத்துத் துறைக்காரர்கள் மூக்கை நுழைப்பார்கள். அத்தனை பேரையும் சமாளித்து மற்ற அத்தியாயங்களையெல்லாம் ஊதித் தள்ளிவிட்ட துணை இயக்குநர், கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

விஷயம் இதுதான். பெற்றோர் இல்லாத பிள்ளைகளைப் பெரிய இல்லங்களில் கூட்டமாக வைத்து வளர்ப்பது படிப்படியாக நிற்க வேண்டும். சித்தி வீடோ, மாமா வீடோ, வளர்க்க முன்வரும் வேறு குடும்பமோ, ஏதோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை வளர வேண்டும். செலவை அரசு பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் எழுதியவள் அவள்தான். எழுதிவிட்டு அடியில், 'நன்றாக நடக்கும் இல்லங்களுக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

இயக்குநர் அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"மேடம், இந்த ஓட்டைல லாரியே போகும். எந்த இல்லமாவது 'நாங்க நல்லா நடத்தல'ன்னு எழுதிக் குடுக்குமா?"

"சில இடம் நிஜமாவே நல்லா இருக்கு சார்."

"எந்த இடம்?"

அவள் எந்த இல்லத்தில் வளர்ந்தாள் என்பது அலுவலகத்துக்கே தெரியும். அவளும் அதை மறைத்ததில்லை, சொல்லப்போனால் பெருமையடித்துக்கொள்வாள்.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க. திங்கக்கிழமை கோப்பு அமைச்சரவைக்குப் போகுது. அந்த வரி இருக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. உங்க பேச்சை நான் தட்டமாட்டேன்."

மனிதர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இப்படி நம்பித் தொலைத்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை அந்த இல்லத்துக்குப் போனாள். வாசல் கேட் அதே கிறீச்சோடு திறந்தது. நீளக் கூடம், ஃபினாயில் வாசனை, சுவரோரமாக வரிசைகட்டிய இரும்புக் கட்டில்கள். பச்சை பெயின்ட் போய் நீலம் வந்திருந்தது, அவ்வளவுதான். தன் கட்டில் இருந்த ஜன்னலோரத்தில் போய் நின்றாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் ஏற்படுத்தியதல்ல, பிள்ளைகளே ஏற்படுத்திக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் யார் படுக்கிறார்களோ அவர்கள்தான் உன் கூடப்பிறந்தவர்கள். காய்ச்சல் வந்தால் அவர்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். சண்டையில் நியாயம் யார் பக்கம் இருந்தாலும் அவர்கள் உன் பக்கம் நிற்க வேண்டும். அவளுக்கு அப்படி வாய்த்தவள் வாயாடி. ஊசி போட வந்த டாக்டரிடமே ஊசி மழுங்கலாக இருக்கிறது என்று வழக்காடியவள். இன்று செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்களிடமும் அதே வழக்குதான். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! காசு கொட்டினாலும் அப்படி ஒரு கூட்டுச் சிரிப்பு எந்த வீட்டில் கிடைக்கும்? வரி இருக்கட்டும் என்று அவள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஓவென்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி கைப்பையைப் பிடிக்க, இன்னொருத்தி விரலைப் பிடிக்க, மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பொடிசு காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா!" என்றது. துணை இயக்குநர் உருகிப் போனாள். முற்றத்துப் படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த மாதிரி அடங்கிக் கிடந்தது.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க ஓர் ஆள், கையில் ஸ்பேனர் பையோடு கேட்டைத் திறந்து வந்தார். பொடிசு தலையைத் தூக்கிப் பார்த்தது. மடியிலிருந்து வழுக்கி இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, அவர் காலைக் கட்டிக்கொண்டு அதே குரலில், "அப்பா!" என்றது.

"எங்க பிள்ளைங்களுக்குக் கூச்சமே கிடையாது மேடம்," என்றாள் காப்பாளர், முகமெல்லாம் சிரிப்பாக. "யார் வந்தாலும் ஒட்டிக்குவாங்க."

நல்ல பெண்தான், பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவள்தான். துணை இயக்குநரும் கூடவே சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மடியில் இன்னும் அந்தச் சூடு இருந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் வாயாடிக்குப் போன் போட்டாள்.

"ஏய், எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஏணி மேல நின்ன மனுசன் காலைப் புடிச்சு 'அப்பா'ன்னு தொங்கினியே! பயந்து பல்பையே கீழ போட்டுட்டாரு!"

இருவரும் சிரித்தார்கள். இது எத்தனையோ முறை சொல்லிச் சிரித்த கதை. கல்யாணத்துக்குப் பிறகு கணவனிடம் அவள் சொன்ன முதல் கதையே இதுதான். அவன் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று அன்று அவளுக்குக் கோபம் வந்தது.

"உன் பொண்ணு இப்படி ஒட்டிக்குவாளா?" என்று கேட்டாள்.

"அவளா? நல்லா ஒட்டினா! கடைக்கு ஒருத்தர் வரக்கூடாது, உடனே என் முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவா. தரதரன்னு இழுத்தாலும் வரமாட்டா. ஏன், உன் பையன் மட்டும் என்னவாம்?"

அவனும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் அவள் பின்னால் நின்று அவள் உடையைக் கசக்குவான். 'ஒரு வணக்கம் சொல்லத் தெரியாதா, என் மானத்தை வாங்குறியே' என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்!

"நாம ஏன்டி யாரைப் பாத்தும் ஒளியல?"

அந்தப் பக்கம் யாரோ வாடிக்கையாளரை, 'அப்புறம் வாங்க' என்று அவள் அனுப்பி வைப்பது கேட்டது.

"ஒளியறதுக்கு ஒரு முதுகு வேணாமாடி?" என்றாள் பிறகு. "நாமளே அப்ப அஞ்சு வயசுப் பிள்ளைங்க. உனக்கு நானும் எனக்கு நீயும் எவ்வளவுதான் மறைக்க முடியும்?"

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. அந்த இல்லத்தின் மேல் அவளுக்கு இருந்த ஆசை ஒரு துளியும் குறையவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இயக்குநரின் மேசையில் கோப்பை வைத்தாள். அவர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். அடியில் இருந்த வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மேடம், அந்த இல்லம் நல்லா நடக்கலையா?"

"ரொம்ப நல்லா நடக்குது சார்," என்றாள். "மூடிடலாம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இயக்குநர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.