கல்லில் விடுபட்ட வரி

புதிய நினைவுக்கல்லில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிந்தது. மேயர் குர்க்லிஸ் வீடு தேடி வந்து புகைப்படத்தைக் காட்டினார். 'ஹிட்லர் படையினரால் கொல்லப்பட்ட யூதர்கள் இங்கே உறங்குகிறார்கள்.'

"நல்லா வந்திருக்கில்ல, டாக்டரம்மா?"

"சுட்டது யாருன்னு எழுதலையே."

"எழுதியிருக்கே, ஹிட்லர் படைன்னு."

"ஜெர்மன்காரங்க காரோரமா நின்னு சிகரெட் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. துப்பாக்கி பிடிச்சது நம்ம ஊர்க்காரங்க. கையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு."

மேயர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "ரஷ்யாக்காரன் காலத்துக் கல்லுல 'சோவியத் குடிமக்கள்'னுதான் இருந்துச்சு. யூதர்ங்கற வார்த்தையே கிடையாது. இப்ப வந்திருக்கு. மெதுவா போவோம்மா."

அவருடைய இரண்டு பெண்களுக்கும் பிரசவம் பார்த்தவள் நான். லித்துவேனியாவின் இந்தச் சின்ன ஊரில் பாதிப்பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்டது என் கைகள்தான். சுட்டவர்களின் பேரன் பேத்திகளும் அதில் உண்டு. குழந்தை அழுததும் தாய்க்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் விழாவுக்காக வந்திருந்த என் மாமன் மக்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹைஃபாவிலிருந்து நாஃப்தலி, புவெனஸ் அயர்ஸிலிருந்து பெர்லா. போருக்கு முன்பே அவரவர் பெற்றோருடன் கப்பலேறித் தப்பியவர்கள். நான் கருப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் எடுத்து வைத்தேன். புகைப்படத்தைப் பார்த்ததும் நாஃப்தலி தலையாட்டினான்.

"இது போதும் ஹாசியா. விழாவுல நம்ம யூதக் கொடி ஏறணும். எங்க ஊர்ல செத்தவங்க நினைவு நாள்ல சங்கு ஊதினா பஸ்ஸு, காரு எல்லாம் நடுரோட்டுல நின்னுடும். ஒரு நாடே எழுந்து நிக்கும். எதுத்துச் சண்டை போட்டவங்களைப் பத்தி யாராவது பேசணும்."

"எங்க அப்பா சண்டை போடலையே. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு நின்னாரு. அவருக்கு உன் சங்கு ஊதாதா?"

அவன் முகம் சிவந்தது. பெர்லா நடுவில் புகுந்தாள். "எங்க யூதர் மன்றத்துல, செத்த அறுபது லட்சம் பேருக்காக ஆறு மெழுகுவத்தி ஏத்துவோம். பசங்க நம்ம பாட்டிங்க பேசின இத்திஷ் மொழியில பாடுவாங்க. எல்லாரும் அழுவோம். அப்புறம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம். அழணும் ஹாசியா, அதுதான் முக்கியம்."

"அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் மறுநாள் காலையில சுட்டவங்க வீட்டுக் கடையிலதான் ரொட்டி வாங்கணும்!"

கத்திவிட்டேன். தேநீர் மேசை விரிப்பில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

மறுநாள், அவர்களைச் சுட்டுப் புதைத்த காட்டில் நல்ல வெயில். பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள், தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள். 'அந்நியர் செய்த கொடுமை' என்று மேயர் பேசினார். நாஃப்தலி கொடி பிடித்து நின்றான். பெர்லா மெழுகுவத்தியை ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. பிறகு, ஊரில் எஞ்சிய ஒரே யூதப் பெண் என்று என்னை அழைத்தார்கள். நன்றி சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

நான் லித்துவேனிய மொழியில் பேசினேன். "எனக்கு அப்போ ஒன்பது வயசு. அம்மா அப்பாவோட இந்தப் பாதையில நடந்து வந்தேன். வளைவுல ஓனான்னு ஒரு பண்ணைக்காரம்மா என்னைப் பாவாடைக்குள்ள இழுத்துக்கிட்டா. அவ வீட்டு வைக்கோல் பரண்ல ஒளிஞ்சிருந்து பார்த்தேன். எங்க அப்பாவைச் சுட்டவன் அந்நியன் இல்லை. பள்ளிக்கூடத்துல எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். சாயங்காலம் எங்க அம்மா கோட்டு அவர் பொண்டாட்டி மேல இருந்துச்சு."

ஒலிபெருக்கி செத்தது. யாரோ கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். பிரசவ அறையில் கத்திப் பழகிய தொண்டை எனக்கு, ஒலிபெருக்கி எதற்கு? "பதினொரு பேர் சுட்டாங்க. பதினொரு பேரையும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்!"

பாதிரியார் குனிந்துகொண்டார். வாத்தியாரின் மகன் கசாப்புக்கடைக்காரன். அவன் தன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். அந்தப் பெண் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அவிழ்த்தவள் நான். அவன் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்ப, பிள்ளைகளை ஆசிரியை அவசரமாக வரிசையில் நிறுத்தினாள். கடைசியில் கல்லும் நாங்கள் மூவரும் மேயரும்தான் மிச்சம்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே," என்றார் மேயர். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

இரண்டு நாள் கழித்துப் பேருந்து நிலையத்தில் நாஃப்தலி என்னைத் தனியாக அழைத்தான். "நீ சொன்னது பொய்யில்லை. ஆனா நேரம் தப்பு. இவங்க தயவு நமக்கு வேணும்."

"எனக்கு வேணாம். ஐம்பது வருஷமா எல்லாரும் நேரம் தப்புன்னுதான் சொல்றீங்க. சரியான நேரம் எது, நான் செத்த பிறகா?"

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினான். பெர்லா மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "எங்க பசங்ககிட்ட அந்தக் கோட்டு விஷயத்தைச் சொல்லப்போறேன். பாட்டு பாடினது போதும்."

கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மேயர்கள் மாறிவிட்டார்கள், வார்த்தை மாறவில்லை. கசாப்புக்கடைக்காரன் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறான். போகட்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும், அவர்களைச் சுட்ட நாளில், நகராட்சிக்குப் போகிறேன். விடுபட்ட வரியை அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முகத்துக்கு நேரே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.