நான்காம் விதிக்குக் கீழே ஒரு வரி

1

இந்தக் கதை எனக்கு பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில், ஒரு சலவைக் கடை பெஞ்சில் கிடைத்தது. என் போர்வைக்காகக் காத்திருந்தேன். “நமக்கு எதுக்கு விதியெல்லாம்? நாம ஒரே குடும்பம்” என்றே சொல்லிவந்த முதலாளி தியோடோரா, அன்று சுவரில் விதிகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

முதல் வரியாக ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று எழுதினேன். சலவைக் கடைக்கு மழை என்றால் வியாபாரம். அடித்துவிட்டேன்.

2

தெல்ஃபா அங்கே இஸ்திரி போடுகிறவள். ஏழு மாதக் கர்ப்பிணி. போன வாரம் பேறுகால விடுப்பு கேட்டாள். இந்த வாரம் விதிகள் வந்துவிட்டன. இணையத்தில் எங்கிருந்தோ எடுத்தவை; மூன்றாம் விதி, பனி கொட்டும் நாட்களில் வேலைக்கு வருவது பற்றியது.

நான்காவது: முதலாளிக்கு உறவானவர்கள் இங்கே வேலை செய்யக் கூடாது.

“உன் மூத்தவளுக்கு நான் ஞானத்தாய். அப்ப நாம உறவுதானே மாரே? இந்த மாசத்தோட நின்னுக்கோ. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு” என்றார் தியோடோரா. பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் அங்கே ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

[‘அவர் கண்கள் கலங்கின’ என்று எழுதப் பார்த்தேன். கலங்கவில்லை.]

தெல்ஃபா கல்லாவில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினாள். “ரோமல் உங்க அண்ணன் மகன் இல்லையா?”

“அவன் வேலையா செய்யறான்?”

அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

3

முதல் பிரதியில் தெல்ஃபாவை அழவைத்தேன். அவள் அழுதால் வாசகருக்கு வசதி. உண்மையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

“துணி மடிக்கிற மூணு பேர் பிள்ளைங்களுக்கும் நீங்கதான் ஞானத்தாய். அவங்களும் நிக்கணுமா மாரே?”

சம்பளத்தைக் கூட்டுவதைவிட ஞானஸ்நானத்துக்குப் பணம் வைத்து ஓர் உறை கொடுப்பது மலிவு என்று தியோடோரா எப்போதோ கண்டுபிடித்திருந்தார். [ஞானத்தாயாக இருக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுக்கவும் முடியாது. குழந்தைக்கு ஆகாது என்பார்கள்.]

மூவரின் கைகளும் நின்றன.

“அது வேற, இது வேற.”

“சரி. வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் நீங்கதான் ஞானத்தாய். எல்லார் முன்னாடியும் கேக்கறேன்.”

பெஞ்சிலிருந்த நாங்கள் எல்லாரும் திரும்பினோம். “ஆகட்டும் மாரே,” என்றார் தியோடோரா, எங்களுக்காகச் சிரித்தபடி.

4

நான் யோசித்துப் பார்த்த முடிவுகள்:

அ) அவர் விதியைக் கிழித்தெறிகிறார். அவரை நேரில் பார்க்காதவர்கள் நம்பலாம்.

ஆ) தெல்ஃபா சொந்தக் கடை போடுகிறாள். எதை வைத்து?

இ) ரோமல் மனம் மாறி, கல்லாவிலிருந்து எழுந்து

இல்லை. ரோமல் எழ மாட்டான்.

நடந்தது வேறு. கூட்டத்தில் எனக்குப் பேச வராது. ஆனாலும் தியோடோரா என்னிடம்தான் பேனாவோடு வந்தார்.

“பார்த்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. கீழ ஒரு வரி எழுதிக் கொடு. ‘ஞான உறவு இதில் சேராது’ன்னு போடலாமா? இல்ல, ‘இஸ்திரி போடுகிறவர்களுக்கு மட்டும்’னு போடலாமா? எது பாக்க நல்லா இருக்கும்?”

பேனாவை வாங்கிக்கொண்டேன். இப்போது உங்களிடம் தருகிறேன். தெல்ஃபா உங்களைப் பார்க்க மாட்டாள். என் போர்வைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.